மூன்று இடத்தில் நின்று கூப்பிட்டவர்

பழனிச்சாமி அண்ணன் இறந்த செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய கருமாதியே முடிந்துவிட்டிருந்தது. ஓரத்தில் கறுப்பு மை தடவிய அட்டை, சித்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வருவதற்குப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டது. வழக்கம்போல நான் கோர்ட் வராந்தாவில், எஸ்டேட் முதலாளி நன்கொடையாகக் கொடுத்த பெஞ்சில் உட்கார்ந்து நகல் மனு எழுதிக்கொண்டிருந்தேன். உறைக்குள் அட்டையோடு நாலாக மடித்த ஒரு பழைய முத்திரைத்தாளும் இருந்தது. அட்டையின் பின்பக்கம் அவருடைய மகள் ஈஸ்வரி பென்சிலில் எழுதியிருந்தாள்: "அப்பா பெட்டியில் இருந்தது. உங்கள் பெயர் போட்டிருக்கிறது. அதனால் அனுப்புகிறேன்."

அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சித்திரபுரத்து மின்வாரியக் குடியிருப்பு நண்பர்கள் நடத்தும் இந்தச் சைக்ளோஸ்டைல் பத்திரிகையைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். நம் மலைக் கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலியாக அவர் பதினோரு வருடம் இருந்தார். சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். நாமெல்லாம் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துத் தமிழ் பேசுகிறவர்கள். அவர் கிழக்குப் பாலக்காட்டுக்காரர், கோயம்புத்தூர் ஆள் மாதிரியே பேசுவார். கைவிலங்கோடு வருகிறவனையும் "ஏனுங்க, இப்படித் தள்ளி நில்லுங்க" என்பார். "அண்ணாச்சி, கொலை செஞ்சவனுக்கும் ஒரு 'ங்க'வா?" என்று கேலி செய்வேன். "அண்ணாச்சி வேண்டாமுங்க, அண்ணான்னு கூப்புடுங்க. அவிய கொன்னாங்களா இல்லியான்னு உள்ள இருக்கறவிய சொல்லோணுமுங்க. நாம சொல்றதுக்கு இல்லீங்க" என்று சிரிக்காமல் பதில் சொல்வார்.

கோர்ட்டில் ஒரு வழக்கை எடுத்தால் கட்சிக்காரரின் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றுக்கும் ஆள் வரவில்லை என்றால் வழக்கு தள்ளுபடி. மற்ற டவாலிகள் கதவோரம் நின்று மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். அண்ணன் அப்படிச் செய்ய மாட்டார். முதல் முறை கோர்ட் அறைக் கதவில் நின்று கூப்பிடுவார். இரண்டாவது வராந்தாவின் நடுவில். இரண்டும் மலையாளத்தில், ஆள் வந்திருக்கிறதா என்று கேட்கிற "ஹாஜருண்டோ" என்ற முடிவோடு. மூன்றாவது முறைக்குப் படி இறங்கி, முற்றத்தைத் தாண்டி, ரோட்டோரத்துக் கேட்டில் போய் நிற்பார். அங்கே தமிழில் கூப்பிடுவார். பெயரை மட்டும் அல்ல, எந்த எஸ்டேட், எந்த லயத்து வரிசை வீடு, யாருடைய மனைவி என்பது வரை சேர்த்துக் கூப்பிடுவார். நம் லயங்களில் பத்து பேச்சியம்மாளும் பதினைந்து மாரியப்பனும் இருப்பது அவருக்குத் தெரியும். காலையிலேயே ஒவ்வொருவரிடமும் விசாரித்து மனதில் வைத்துக்கொள்வார். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வருகிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டு வேகம் கூட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

எதற்கு இந்த வீண் நடை என்று பெஞ்சு கிளார்க் ஒருமுறை எரிந்து விழுந்தார். அன்றைக்கு அண்ணன் சொன்னதுதான் அவர் சொன்னவற்றில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. "மூணுன்னா மூணு எடத்துலங்க. ஒரே எடத்துல மூணு தடவ கூப்புட்டா அது ஒண்ணுதானுங்க."

இந்த நல்ல பழக்கத்தில்தான் கேடு வந்து உட்கார்ந்தது. வராந்தா பெஞ்சுகளின் முதுகில் எஸ்டேட் முதலாளியின் தகப்பனார் பெயர் பெயிண்டில் எழுதியிருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரிக்கார்டு அறைக்குக் கூரை போட்டதும் அவர்தான். நீதிபதியான முன்சீப்புக்கு அரசாங்கக் குடியிருப்பு இல்லாததால் தங்கியிருந்தது அவருடைய பங்களா; காலையில் வந்து இறங்கியது அவருடைய ஜீப்பு. நம் ஜனங்கள் அவர் மேல் கேஸ் போட்டுவிட்டு அவருடைய பெஞ்சில் எப்படி உட்காருவார்கள்? கூச்சம் பாதி, பயம் பாதி. கேட்டுக்கு வெளியே, யூக்கலிப்டஸ் மரத்தடியில் நின்றுகொள்வார்கள். எப்படியும் டவாலி ஐயா கேட்டுக்கு வந்து கூப்பிடுவார் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. உள்ளே எட்டிப் பார்க்கிற வழக்கமே அவர்களுக்கு விட்டுப்போயிற்று.

பேச்சியம்மாள் வழக்கு வந்தது அப்போதுதான். எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். கணவன் சுடலைமுத்து செத்த முப்பதாம் நாள், லயத்து அறையைக் காலி செய் என்று சீட்டு வந்தது. அவள் நிரந்தரத் தொழிலாளி, அவளுக்கும் அறையில் உரிமை உண்டு. உண்மையில் முதலாளிக்கு அந்த வரிசை முழுவதும் வேண்டியிருந்தது. இடித்துவிட்டு விருந்தினர் பங்களா கட்ட நினைத்தார். பன்னிரண்டு குடும்பங்கள். கேஸ் மட்டும் இவள் பெயரில். நான் குமாஸ்தாவாக இருக்கிற வக்கீல்தான் அவளுக்கு ஆஜரானார், தொழிற்சங்கம் அனுப்பிய கேஸ் என்பதால். அந்த வரிசையில் எந்த அறையையும் காலி செய்யக் கூடாது என்று தடை உத்தரவும் வாங்கினார். அன்று சாயங்காலம் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் அவருக்கு மாலை போட்டார்கள். மாலையை வாங்கி ஆணியில் மாட்டியவன் நான்.

அதற்குப் பிறகு ஒரு தேர்தல் வந்தது. எங்கள் வக்கீலின் கட்சிக்கு முதலாளி இரண்டு ஜீப்பு கொடுத்தார். எதிர்க்கட்சிக்கும் இரண்டு கொடுத்தார். நாலும் நின்றது ஒரே கொட்டகையில். ஒருநாள் டிரைவர் அவசரத்தில் கொடியை மாற்றிக் கட்டிக்கொண்டு எதிர்க்கட்சிக் கூட்டத்துக்குள் ஓட்டிப்போய்விட்டார். அதற்கு ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். எங்கள் வக்கீலுக்கு அரசாங்க வக்கீல் பதவி மேல் கண். அந்தப் பட்டியல் கட்சி ஆபீசிலிருந்துதான் போகும். கட்சி ஆபீசில் யார் சொல்லுக்கு எடை என்பதை ஜீப்பு நின்ற கொட்டகையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

வாய்தாவுக்கு முதல் நாள் சாயங்காலம் வக்கீல் திருவனந்தபுரம் புறப்பட்டார். பேச்சியம்மாள் கேஸ் நாளைக்கு இருக்கிறதே, வாய்தா மனு எழுதி வைக்கட்டுமா என்று கேட்டேன். பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "வேண்டாம். நீ போய் உன் இடத்தில் உட்கார். வாயைத் திறக்காதே. கட்சி பார்த்துக்கொள்ளும்." எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.

மறுநாள் நல்ல மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. வழக்கமாக மத்தியானத்துக்கு மேல் எடுக்கிற கேஸை அன்று முதல் கேஸாக எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு முன் ஒருநாளும் வராத எதிர்த்தரப்பு வக்கீல் அன்று கோட்டைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். பெஞ்சு கிளார்க், "சாரல் அடிக்குது, கதவைச் சாத்து. இங்கேயே கூப்பிட்டால் போதும்" என்றார். அண்ணன் முன்சீப்பைப் பார்த்தார். முன்சீப் கேஸ் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கதவைச் சாத்தினார். சாத்திய கதவைப் பார்த்தபடி மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவதிலும் தமிழ் வரவில்லை.

குமாஸ்தாக்களின் பெஞ்சு ஜன்னலோரம். நான் வெளியே பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, மரத்தடியில், மழைக்குச் சாக்கை மடித்த கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றி நாலைந்து லயத்துக்காரர்கள். பக்கத்தில் இருந்த எந்த வக்கீலின் காதிலாவது ஒரு வார்த்தை போட்டிருந்தால் அவர் எழுந்து, "பார்ட்டி வெளியில் நிற்கிறது" என்று சொல்லியிருப்பார். தினமும் நடக்கிற காரியம் அது. தெரியாத கட்சிக்காரர்களுக்குக்கூட நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லவில்லை. முன்சீப் இரண்டு வரி எழுதினார். தள்ளுபடி. தடை உத்தரவும் அதோடு போயிற்று. சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு வீட்டுச் சாமானும் மழையில் கிடந்தன.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அண்ணன் என்னை டீக்கடைக்கு அழைத்தார். கேஸை மறுபடி எடுக்கச் சொல்லி ஒரு மனு போடலாம் என்று வெளியூர் வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார். பேச்சியம்மாள் வாசலில்தான் நின்றாள் என்று யாராவது சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத் தானே எழுதிக் கொடுப்பதாக அண்ணன் சொன்னார். கோர்ட்டுச் சிப்பந்தி தன் கோர்ட்டுக்கு எதிராகவே பிரமாணப் பத்திரம் கொடுப்பதா!

"வேலை போயிடும், அண்ணே."

"போகுமுங்க. அன்னைக்கு மழைக்குப் பயந்து வெளிய போகலைன்னு எனக்கு நானே சொல்லிப் பாத்தனுங்க. மழைக்கில்லீங்க. அது எனக்கே தெரியுதுங்களே."

பிறகு சட்டைப்பைக்குள்ளிருந்து இரண்டு முத்திரைத்தாள்களை எடுத்தார். ஒன்றில் அவர் கையெழுத்து இருந்தது. இன்னொன்றில் என் பெயர் டைப் அடித்திருந்தது. கீழே வெற்றிடம்.

"நீங்க சன்னலோரம் உக்காந்திருந்தீங்க. நான் கதவப் பாத்துட்டு நின்னனுங்க, ஆள் நின்னத நான் கண்ணால பாக்கல. பாத்தவிய நீங்கதானுங்க."

தங்கை கல்யாணம் இருக்கிறது என்றேன். வக்கீல் ஊரில் இல்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரிங்க. எடம் விட்டு வெச்சிருக்கறனுங்க" என்று மட்டும் சொன்னார். டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

மனு விசாரணையன்று அண்ணன் சாட்சிக் கூண்டில் ஏறினார். சிவப்புப் பட்டை இல்லாமல் அவரைக் கோர்ட்டுக்குள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மூன்று முறை கூப்பிட்டீரா, இல்லையா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"கூப்புட்டனுங்க."

"அப்புறம் என்ன குறை?"

"ஒரே எடத்துலங்க. அது ஒண்ணுதானுங்க."

கோர்ட் முழுக்கச் சிரித்தது. முன்சீப்பும் சிரித்தார். பேச்சியம்மாள் வாசலில் நின்றதை நேரில் பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டார்கள். லயத்துக்காரர்களைத் தவிர, அவர்கள் எல்லாம் சொந்த ஆட்கள், வேறு யாராவது? அண்ணன் குமாஸ்தாக்களின் பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்குத் தெரிஞ்சத நான் சொன்னனுங்க. மத்தவிய மனசு எனக்குத் தெரியாதுங்க" என்றார். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஒருவேளை நான் எழுந்திருப்பேன். அந்த உதவியை அவர் எனக்குச் செய்யவில்லை. மனு தள்ளுபடியாயிற்று.

பிறகு அவரைப் பிய்த்தெடுத்தார்கள். எங்கள் கட்சிக்காரர்கள் அவரை எதிர்க்கட்சி ஏவிவிட்ட ஆள் என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், எங்கள் உள்சண்டையில் யாரோ கிளப்பிவிட்டது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். எப்போதும் அடித்துக்கொள்ளும் இரண்டு கட்சியும் ஒத்துப்போனது இந்த டவாலி விஷயத்தில் மட்டும்தான். ஒழுங்கு நடவடிக்கை வந்தது. மாற்றல் உத்தரவு அவர் கைக்கு வந்த மாதத்தில் நெருக்கடி நிலையும் வந்தது. அதன்பின் யாரும் எதைப் பற்றியும் பேசவில்லை. எங்கள் வக்கீல் அரசாங்க வக்கீலானார். எனக்கும் கைவைத்த நாற்காலி கிடைத்தது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சித்தூர்ப் பக்கத்துக் கோர்ட்டில் அவரை ரிக்கார்டு அறையில் போட்டார்கள், பெயர் கூப்பிடுகிற வேலை வேண்டாம் என்று. இரண்டு வருடம் முன்பு பாலக்காட்டுக்கு ஒரு வேலையாகப் போனவன் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னல் இல்லாத அறை, தூசி, அடுக்கடுக்காகக் கட்டுகள். இருமிக்கொண்டே வந்தார். அந்தக் குரலா இது என்று இருந்தது. "என்னங்க பண்றது, இங்க யாரக் கூப்புடறதுங்க" என்றார். முத்திரைத்தாளைப் பற்றிக் கேட்பார் என்று வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "பேச்சியம்மா எப்படி இருக்காங்க?" எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக நான் விசாரித்ததே இல்லை. நன்றாக இருக்கிறாள் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

அட்டை வந்த மறுநாள் லீவு போட்டேன். பேச்சியம்மாள் வட்டவடையில் தம்பி வீட்டில் இருக்கிறாள் என்று விசாரித்து, மூணாறிலிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனேன். பூண்டு வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாக இருந்தாள். அண்ணன் இறந்துவிட்டார் என்றேன். கையிலிருந்த களையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள்.

"அந்த ஐயா கேட்டுக்கு வந்து கூப்பிடுவாருன்னுதான் நின்னுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "அதுக்கப்புறம் தம்பி வீட்டத் தேடி வந்து, மன்னிச்சிருங்கன்னு என் கால்ல விழப் பாத்தாரு. நான் விடல."

அவள் அருகில் உட்கார்ந்து சொன்னேன். அன்று ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன், பார்த்தும் வாயைத் திறக்கவில்லை என்று சொன்னேன். ஐந்து வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது, சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும். நீங்க பாத்தீக. நானும்தான் உங்களப் பாத்தேன். நம்ம வக்கீலு ஆளு உள்ள இருக்காரு, நேரமாச்சுன்னா கையக் காட்டுவாருன்னு உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன்."

எழுந்து மறுபடி களை எடுக்கப் போனாள். கடைசி ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று அவளுடைய தம்பி வந்து சொல்லும்வரை நான் அந்த வரப்பிலேயே இருந்தேன்.

அன்று பார்த்ததை அந்த முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்போகிறேன் என்று இன்று காலை வக்கீலிடம் சொன்னேன். பைத்தியமா உனக்கு, செத்துப்போன கேஸ், அந்த வரிசை இருந்த இடத்தில் பங்களாவே எழும்பியாயிற்று என்றார். தெரியும் என்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவர் சொல்வது சட்டப்படி சரி. இந்தத் தாளால் இனி ஒரு செங்கல்லும் நகராது. பன்னிரண்டு குடும்பங்களும் குமுளிக்கும் கம்பத்துக்குமாகச் சிதறிவிட்டன. அண்ணனுக்கும் இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் உயிரோடு இருந்தபோது இதைச் செய்யாததற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை, வெட்கம்தான் இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் விட்டுவைத்த அந்த இடம்தான். அதில் இன்று கையெழுத்துப் போட்டேன். மூன்று என்றால் மூன்று இடம் என்பார். பேச்சியம்மாளிடம் வயலில் சொன்னேன். வக்கீலிடம் ஆபீசில் சொன்னேன். மூன்றாவதாக, அண்ணனைத் தெரிந்த உங்கள் எல்லார் முன்னாலும், கேட்டில் நின்று சொல்கிறேன்.

மேல் டிவிஷன், சுடலைமுத்து மனைவி பேச்சியம்மாள் அன்று காலை கேஸ் கூப்பிட்ட நேரத்தில் கோர்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வக்கீல் குமாஸ்தா ஆறுமுகமாகிய நான் அதை என் கண்ணால் பார்த்தேன்.